சம்பந்தி அனுப்பிய கடல்

எங்கள் வீட்டில் ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை. அத்தா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா தோல் வியாபாரத்துக்காக மதராஸ் வரை போய் வந்தவர்தான். ஆனால் அங்கே கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால், தோல் மண்டிக்கு எதிர்ப்பக்கம் என்பார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. அம்மா வத்தலக்குண்டைத் தாண்டியதில்லை. திண்டுக்கல்லில் குடிதண்ணீருக்கே குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்த காலம் அது. கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர் சும்மா கிடக்கிறது என்பதை, பாடப்புத்தகத்தில் போட்டிருந்ததால் மட்டுமே நான் நம்பினேன்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் தொண்டிப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து மதினி வந்தாள். எனக்கு அப்போது பத்து வயது. அண்ணனுக்குப் பெண் பார்க்கும்போது, மதினியின் அத்தா கருவாட்டு வியாபாரி என்பதையும் மாதம் இரண்டு முறை அவருடைய சரக்கு லாரி திண்டுக்கல் சந்தைக்கு வரும் என்பதையும் விசாரித்தார்கள். பெண் பேசுவாளா என்று யாரும் விசாரிக்கவில்லை. வந்த ஒரு மாதத்தில் அவள் பேசியது மொத்தமும் ‘ம்’, ‘சரி’, ‘போதும்’ என்ற மூன்று சொற்கள்தான். அதிலும் ‘போதும்’ சாப்பாட்டுத் தட்டின் முன்னால்தான் அதிகம் வரும். கேட்டதைச் செய்வாள், கொடுத்ததில் பாதியைச் சாப்பிடுவாள், பிறகு முற்றத்துக் கயிற்றில் காயும் துணிகளைப் பார்த்தபடி நிற்பாள். ஊமைப் பெண்ணைக் கட்டி வைத்துவிட்டார்களோ என்று அம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பெரியம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. அத்தாவின் அண்ணன் மனைவியான பெரியம்மாதான் எங்கள் வீட்டில் உப்பு முதல் உறவு வரை எல்லாவற்றையும் அளந்து போடுகிறவள். “கடக்கரைப் புள்ளைக்கு மேட்டு ஊரு தண்ணி ஒத்துக்கலை. செத்த நாளு போனாச் சரியாப் போகும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

நாள் போனது, சரியாகவில்லை. இந்தச் செய்தி எப்படியோ தொண்டிப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு நாள் காலை கருவாட்டு லாரி சந்தைக்குப் போகாமல் நேரே பேகம்பூரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. லாரிக்காரர் வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு கண்ணாடித் தொட்டியை இறக்கினார். நீளத்தில் நான் படுத்துக்கொள்ளலாம். அதன் பிறகு வாய் கட்டிய மண்பானைகள் ஒவ்வொன்றாக இறங்கின. சிலவற்றில் கடல் தண்ணீர், சிலவற்றில் மணலும் கல்லும். கடைசியாக, அகன்ற வாயுள்ள ஒரு பானையில் ஆறு மீன்கள். உள்ளங்கை அகலம், மஞ்சள் முதுகு, உடம்பில் குறுக்கே கறுப்புக் கோடுகள்.

கூடவே மதினியின் அத்தா எழுதிய கடிதம் இருந்தது. மண்டபம் என்ற கடற்கரை ஊரில் மீன்களைப் பற்றிப் படிக்கிறவர்கள் இப்படித் தொட்டி வைத்திருப்பதைத் தான் பார்த்ததாகவும், கேட்டுத் தெரிந்துகொண்டு செய்து அனுப்புவதாகவும் எழுதியிருந்தார். தண்ணீரில் பித்தளையோ இரும்போ படக்கூடாது. வற்றினால் குடிதண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும். உப்பு எங்கும் போய்விடாது. தண்ணீருக்குள் இராப்பகலாகக் காற்று போய்க்கொண்டிருக்க வேண்டும்.

காற்றுக்கு அண்ணன் வழி செய்தான். அவனுக்கு லாரிப் பட்டறையில் பழக்கம் உண்டு. பழைய லாரி டயர் டியூப் ஒன்றைக் கொண்டுவந்து, சைக்கிள் வால்வுக்குப் போடும் மெல்லிய ரப்பர்க் குழாயை அதில் மாட்டி, நூலால் இறுக்கிக் கட்டி, மறுமுனையைத் தொட்டிக்குள் விட்டான். முத்து முத்தாகக் குமிழிகள் ஏறி வந்தன. காலையிலும் மாலையிலும் டியூபுக்குப் பம்பு அடிப்பது என் வேலை. கடலுக்கே மூச்சு விடச் சொல்லிக் கொடுப்பது நான்தான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டேன்.

தொட்டியை எங்கே வைப்பது என்பதில் அத்தாவுக்கு யோசனையே இல்லை. வாசலிலிருந்து பார்த்தாலே தெரிய வேண்டும் என்று முற்றத்து நடுவில், திறந்த வானத்தின் கீழே, கல்மேடையில் வைத்தார். வெயில் பட்டதும் மீன்களின் மஞ்சள் தங்கமாக மின்னியது. தெருவே வந்து பார்த்தது. பெண்கள் பின்வாசல் வழியாக வந்து பார்த்தார்கள். எல்லாரும் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துக்கொண்டு, உப்பாகத்தான் இருக்கிறது என்று அத்தாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு மதினி என்னிடம் முதல் முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினாள்.

“இது பாறை இடுக்குல இருக்குற மீனு, புள்ள. எங்க வீட்டுக்குப் பின்னாடியே கெடக்கும்.”

இந்தப் பெருமை மூன்று வாரம் நீடித்தது. முதலில் கண்ணாடியில் தூசி படிந்ததுபோல் ஒரு பழுப்பு. துடைத்தோம். மறுநாள் திரும்ப வந்தது. பிறகு அது பச்சையானது. பிறகு கற்களில் பச்சை முடி முளைத்தது. கடைசியில் நான்கு பக்கக் கண்ணாடியும் திரை போட்டதுபோல் மூடிக்கொண்டு, உள்ளே மீன் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போனது. அம்மா தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாள். தேய்த்தது தண்ணீரில் கலந்து, தண்ணீரே பச்சையாயிற்று. ஒரு மீன் செத்து மிதந்தது.

“சம்மந்தி கடலைல்ல அனுப்பி வச்சாரு. இங்க வந்து கம்மாயாப் போச்சு” என்றாள் பெரியம்மா. அடுப்படியில் இருந்த மதினிக்குக் கேட்கவேண்டும் என்று அவள் சொன்னதாக நான் நினைக்கவில்லை. பெரியம்மாவின் குரல் எப்போதும் அப்படித்தான். ஆனால் மதினி மறுபடியும் மூன்று சொற்களுக்குத் திரும்பிவிட்டாள். துணிக்கயிற்றைப் பார்த்து நிற்பதும் திரும்ப வந்தது.

அந்த வாரமே ஒரு கடுதாசி வந்தது. சம்பந்தி வீட்டாரையும் மகளையும் பார்ப்பதற்காக, வரும் வெள்ளி விட்டு மறு வெள்ளி வருவதாக மதினியின் அத்தா எழுதியிருந்தார். அத்தா அதைச் சத்தமாகப் படித்து முடித்ததும் எல்லாரும் முற்றத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். பெண் வீட்டுச் சீரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் என்ற பெயர் வந்துவிடுமே என்று அம்மா அன்று முழுவதும் புலம்பினாள்.  சோற்றுப் பானையை மதினி இறக்க மறந்ததில் சோறு குழைந்துபோனது.

மறுநாள் அத்தா ஒரு பொட்டலத்தோடு வந்தார். சின்னாளப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் அவருடைய கூட்டாளி கொடுத்த துரிசு. கொடிக்கு நோய் வராமலிருக்க அடிப்பது. தோட்டத்துச் சிமெண்டுத் தொட்டியில் ஒரு சிட்டிகை போட்டால் இரண்டே நாளில் பாசி செத்துவிடுமாம். அஸர் தொழுதுவிட்டு வந்து போடுகிறேன் என்று பொட்டலத்தை அலமாரியில் வைத்துவிட்டு அத்தா பள்ளிவாசலுக்குப் போனார்.

போகும்போது என்னைப் பார்த்து, “ஏ புள்ள, அதத் தொடக்கூடாது. வெசம்” என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்லாமல் போயிருந்தால் நான் பிரித்துப் பார்த்திருக்கவே மாட்டேன்.

அத்தனை நீலத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. கற்கண்டுபோல் கட்டி கட்டியாக, உள்ளே வானத்தை அடைத்து வைத்ததுபோல் இருந்தது. கடல் நீலமாக இருக்கும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். எங்கள் தொட்டித் தண்ணீர் வந்த நாளிலிருந்தே நீலமாக இல்லாதது எனக்குள் ஒரு குறையாகவே இருந்தது. இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தொட்டி வந்த அன்றே நான் யாருக்கும் தெரியாமல் எனக்கென்று ஒரு கடல் வைத்திருந்தேன். மூடி உடைந்த ஊறுகாய் ஜாடி ஒன்றில் பானையின் அடித்தண்ணீரை ஊற்றி, மணலோடு வந்திருந்த அரிசி அளவு இறால் குஞ்சுகள் இரண்டை விட்டு, கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். அந்தக் கடலையாவது நீலமாக்கிப் பார்க்கலாமே என்று ஒரு சிறு கட்டியை எடுத்து ஜாடிக்குள் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் இறால்கள் இரண்டும் துள்ளின. சந்தோஷத்தில் துள்ளுகின்றன என்று நினைத்தேன். பிறகு மல்லாந்துவிட்டன. விரலால் தொட்டேன், அசையவில்லை.

வாசலில் அத்தாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் நேரே அலமாரிக்குப் போய்ப் பொட்டலத்தை எடுப்பதும் தெரிந்தது. அடி விழும் என்பது நிச்சயம். ஆனாலும் ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். தொட்டிக்கும் அத்தாவுக்கும் நடுவில் போய் நின்றேன். அழுதுகொண்டே ஜாடியை நீட்டினேன்.

அத்தா ஜாடியைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எதற்கு முதலில் கோபப்படுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்குள் மதினி அடுப்படியிலிருந்து வந்து ஜாடியை வாங்கிக்கொண்டாள்.

“இது மீனையும் கொன்னுரும் மாமா. போட வேணாம்” என்றாள். மாமனார் முகத்தைப் பார்த்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை. அத்தா பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மதினி ஜாடியை இன்னும் கீழே வைக்கவில்லை. உள்ளே விரலை விட்டுச் சுவரைத் தடவினாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். “இது எப்ப எடுத்த தண்ணி?” என்று கேட்டாள்.

“தொட்டி வந்த அன்னிக்கு.”

“எங்க வச்சிருந்த?”

“கட்டிலுக்கு அடியில.”

“இதுல ஏன் பாசி இல்ல?”

பதிலுக்குக் காத்திராமல் அவள் என் கையைப் பிடித்துத் தொட்டியைச் சுற்றி அழைத்துப் போனாள். பின்பக்க மூலையில், டியூப் வெயிலில் வெடித்துவிடக்கூடாது என்று அண்ணன் ஒரு சாக்கைப் போட்டிருந்தான். சாக்கின் ஒரு முனை கண்ணாடி மேல் தொங்கியது. அதை நான்தான் தூக்கினேன். சாக்கு மறைத்த இடத்தில் மட்டும், அதன் கிழிந்த ஓரம் எப்படியோ அப்படியே, கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அதன் வழியாக ஒரு மீன் எங்களைப் பார்த்தது.

“வெயிலு” என்றாள் மதினி.

“வெயிலு” என்றேன் நானும், நானே கண்டுபிடித்ததுபோல. என் வரையில் நான்தான் கண்டுபிடித்தேன். ஐம்பது வருடமாக அப்படித்தான் சொல்லி வருகிறேன்.

ஆனால் வெயில் மட்டும் காரணமில்லை என்று மதினிக்குத் தோன்றியது. மணலைக் கிளறியபோது அடியில் வெள்ளையாக ஏதோ அழுகிக் கிடந்தது. மறுநாள் விடிந்ததிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் அடுப்படி ஜன்னல் பின்னால் உட்கார்ந்து தொட்டியைக் காவல் காத்தோம். காலையில் அம்மா வந்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, முந்தானையிலிருந்து இடியாப்பத்தை உதிர்த்துப் போட்டாள். பிறகு அண்ணன், வாயிலிருந்த ரொட்டியின் மிச்சத்தைப் போட்டான். அத்தா கடைக்குக் கிளம்பும்போது சட்டைப்பையிலிருந்து ஒரு பிடி பொரி போட்டார். நான் தினமும் சாயங்காலம் என் பங்கு கறித்துண்டைப் போட்டு வந்தேன் என்பதை அப்போது மதினியிடம் ஒப்புக்கொண்டேன். எல்லாரும் போன பிறகு பெரியம்மா வந்தாள். முழு அவித்த முட்டை ஒன்றை உரித்து, மஞ்சளை விரலால் பிசைந்து, மீன் மீனாகப் பார்த்து ஊட்டுவதுபோல் போட்டாள். “தின்னுங்க. வாயில்லாச் சீவன், இந்த வீட்டுல யாரு கவனிக்கிறா” என்று அவள் சொன்னது எங்களுக்குத் தெளிவாகவே கேட்டது. பெரியம்மாவின் குரல் அப்படி.

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து எட்டிப் பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானச் சாப்பாட்டில் அவள் வீட்டுக்கே சட்டம் போட்டாள். இனிமேல் மீனுக்கு ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை. அதை அவள் மட்டும்தான் போடுவாள். தின்னாத மிச்சம்தான் பாசிக்கு எரு. வேறு யாரும் தொட்டி அருகில் கையில் எதையும் கொண்டு வரக்கூடாது. இதைச் சொல்லும்போது அவள் குனிந்துதான் இருந்தாள். ஆனால் குரல் குனியவில்லை. யார் போட்டார்கள் என்று அவள் சொல்லவில்லை. “அதானே, யாரு இப்புடிப் போட்டுத் தொலைக்கிறது” என்றாள் பெரியம்மா.

அடுத்த இரண்டு நாள் எங்கள் வீட்டில் நடந்ததை ஒரு படையெடுப்பு என்றுதான் சொல்ல வேண்டும். அத்தா மண்டியிலிருந்து நான்கு பேரை அனுப்பினார். மதினி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு உத்தரவு போட, நாங்கள் செய்தோம். ரப்பர்க் குழாயை வாயால் உறிஞ்சி அடியிலிருந்த அழுக்கை வெளியே இறக்கியது அண்ணன். கடல் தண்ணீரை முதன்முதலாக விழுங்கியதும் அவன்தான். அவன் இருமியதைப் பார்த்து மதினி எல்லார் முன்னாலும் சிரித்தாள். மீதித் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பானைகளில் நிரப்பினோம். கற்களை அதே கடல் தண்ணீரில் வைத்து நானும் அம்மாவும் தென்னங்குச்சியால் தேய்த்துப் பச்சை முடியைச் சிரைத்தோம். காலியான தொட்டியைத் தூக்கி, நேர் வெயில் எட்டாத உள்கூடத்துச் சுவர் ஓரம் வைத்தார்கள். வடிகட்டிய தண்ணீரை மறுபடி ஊற்றி, பானையில் விட்டிருந்த மீன்களைத் திரும்ப விட்டோம். கண்ணாடியின் ஓரங்களிலும் கல் இடுக்குகளிலும் எங்கள் கைக்கு வராத பச்சை இன்னும் மிச்சம் இருந்தது.

அதற்கும் மதினி ஒரு வழி வைத்திருந்தாள். அந்த வாரம் வந்த கருவாட்டு லாரிக்காரரைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டு அனுப்பினாள். நானும் கூடப் போனேன்.

“அண்ணே, பாறையில ஒட்டிக் கெடக்குற நத்தை பத்துப் பதினஞ்சு வேணும். பாசி திங்கிற நத்தை. ஒரு பானை கடத்தண்ணியும் வேணும். எங்க அத்தாட்ட சொல்ல வேணாம்.”

லாரிக்காரர் “சரிம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மாதம் இரண்டு முறை வருகிற லாரி, அந்தத் தடவை நாலாம் நாளே திரும்பி வந்து நின்றது.

பதினோரு நத்தைகள். சுண்டைக்காய் அளவிலிருந்து எலுமிச்சங்காய் அளவு வரை. ஒட்டவைத்த இடத்தில் ஒட்டிக்கொண்டு கல்போல் கிடந்தன. இவற்றுக்காகவா இத்தனை பாடு என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மறுநாள் காலை பம்பு அடிக்கப் போனபோது பார்த்தேன். ஓரக் கண்ணாடியின் பச்சையில், சிலேட்டில் ஈர விரலால் இழுத்ததுபோல், வளைந்து வளைந்து தெளிவான பாதைகள் ஓடின. ஒவ்வொரு பாதையின் முனையிலும் ஒரு நத்தை இருந்தது. நான் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

அன்று முதல் தினமும் காலையில் யார் நத்தை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதே பேச்சு. அத்தாவுக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று என்று ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொண்டோம். இருப்பதிலேயே பெரியது பெரியம்மாவுடையது. “பாரு, எம்புட்டு வேகமா மேயுது” என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். முட்டையைப் பற்றி அவளும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எழுந்து பார்த்தபோது, உள்கூடத்தில் கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. சுவர் ஓரத்தில் ஒரு துண்டுத் தண்ணீர் தானாக நிற்பதுபோல் இருந்தது. அதற்குள் ஐந்து மீன்களும் கோடு கோடாக, செதில் எண்ணும் அளவுக்குத் தெரிந்தன. குமிழிகள் ஏறிப் போவது வாசலிலிருந்தே தெரிந்தது. அத்தா அதன் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார். மதராஸுக்கு அத்தனை தடவை போய்ப் பார்க்காததை அன்றுதான் பார்க்கிறவர்போல் இருந்தார். பிறகு மதினியைப் பார்த்து, “ஜெயிச்சுட்டம்மா” என்றார். எங்கள் வீட்டில் அப்படி ஒரு வார்த்தையை அவர் அண்ணனிடம்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் எல்லாரும் மதினியின் அத்தாவை அழைத்துக்கொண்டு வந்தார்கள். கடல் வெயிலில் கறுத்த, உயரமான மனிதர். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் அவர் கையைப் பிடித்துத் தொட்டி முன்னால் இழுத்துப் போய்விட்டேன். வெயில், சாக்கு, முட்டை, துரிசு, நத்தை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். என் பெயர் கொஞ்சம் அதிகமாகவே அதில் வந்தது.

அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் தொட்டியைப் பார்க்கவில்லை. அவர் பார்வை என் தலைக்கு மேலே, சமையல் நடந்துகொண்டிருந்த பக்கம் போனது. அங்கே மதினி பெரியம்மாவோடு சரிக்குச் சரி வாதாடிக்கொண்டிருந்தாள். வெஞ்சனத்தில் உப்புக் குறைவு என்று அவள் சொல்ல, கடக்கரைக்காரி நாக்குக்கு எல்லாமே குறைவுதான் என்று பெரியம்மா சொல்ல, இரண்டு பேரும் ஒரே கரண்டியிலிருந்து மாறி மாறி ருசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அண்ணன் எதையோ எடுக்க வந்து இரண்டு பேரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு போனான்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. இத்தனை பாடுபட்டுக் கண்ணாடிபோல ஆக்கி வைத்திருக்கிறோம், வந்த மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே. அவர் சட்டையை இழுத்தேன்.

“மாமா, பாருங்க. எம்புட்டுத் தெளிவா இருக்குன்னு பாருங்க.”

“ஆமாம்மா” என்றார், அங்கேயே பார்த்தபடி. “நல்லாத் தெளிஞ்சிருச்சு.”

“முந்தி ரொம்பக் கலங்கிக் கெடந்துச்சு, மாமா.”

“தெரியும்மா” என்றார். அவர் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுப்புப் புகை அந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தது.

தன் அத்தாவிடம் சொல்ல வேண்டாம் என்று மதினி அத்தனை தூரம் கேட்டுக்கொண்டும் லாரிக்காரர் பாசி விஷயத்தை இவரிடம் சொல்லிவிட்டார் என்று எனக்கு உடனே புரிந்துபோயிற்று. அடுத்த தடவை லாரியோடு அவர் வந்து, பாப்பா, மீனெல்லாம் நல்லா இருக்கா என்று கேட்டபோது நான் பதிலே சொல்லவில்லை. அப்புறமும் பல நாள் அந்த மனிதரோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன்.